வளரும் பிள்ளைகளின் சமூகப் பதற்றம்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆட்கள் முன்னால் நிற்கவே அஞ்சும் பிள்ளைகளைப் பற்றி இந்த இரண்டு மாவட்டங்களிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே வைத்திருக்கிறோம். 10 முதல் 18 வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் மற்றதெல்லாம் அப்புறம். நேராக 14-ஆம் கேள்விக்குப் போங்கள்.

1. "எங்க பொண்ணு சின்னதுல இருந்தே கூச்சப்படுவா. இதைப் போயி வியாதின்னு சொல்றீங்களே?"

கூச்சம் வியாதி இல்லை. புது ஆளைக் கண்டால் அம்மா பின்னால் ஒளிந்து, கொஞ்ச நேரம் போனதும் தானாக வந்து பேசும் பிள்ளைக்கு வைத்தியம் வேண்டாம். மருத்துவர்கள் சமூகப் பதற்றம் என்று சொல்வதற்கு மூன்று விஷயங்கள் சேர வேண்டும். நாலு பேர் பார்க்கும் இடத்தில் ஏதாவது தப்பாகச் செய்து கேவலப்பட்டுவிடுவோம் என்ற பயம்; அந்தப் பயத்தால் இடத்தையே தவிர்ப்பது; தவிர்ப்பதால் படிப்போ நட்போ அன்றாட வேலையோ கெடுவது. இது ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும். பெரியவர்களிடம் மட்டும் பயந்து, தன் வயதுப் பிள்ளைகளோடு சகஜமாக இருந்தால் அதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெளியே தெரியும் அடையாளங்கள் பெரும்பாலும் சின்னச் சின்னவை. டிபன் பாக்ஸை மூடியால் மறைத்துச் சாப்பிடுவாள், அல்லது சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். கடைக்காரர் மீதிச் சில்லறை குறைத்துக் கொடுத்தாலும் கேட்காமல் வந்துவிடுவாள். சொந்தக்காரர் வந்தால் அறையை விட்டு வரமாட்டாள். பள்ளிக் கழிப்பறைக்குப் போக நேருமே என்று பகலெல்லாம் தண்ணீர் குடிக்கமாட்டாள். (கழிப்பறையே மோசமாக இருந்தால் அது வேறு விஷயம். முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.)

2. "எதனால வருது? நாங்க வளர்த்த விதம் தப்பா?"

ஒரே காரணம் என்று எதையும் காட்ட முடியாது. புதியதைக் கண்டால் ஒதுங்கும் பிறவிச் சுபாவம், குடும்பத்தில் ஏற்கெனவே பதற்றக்காரர்கள் இருப்பது, எல்லார் முன்னாலும் ஒருமுறை அவமானப்பட்டது, ஓயாத கேலி, எதற்கெடுத்தாலும் பெற்றோர் முந்திக்கொண்டு காப்பது என்று பலவும் கலந்து வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு 8 முதல் 15 வயதுக்குள் தொடங்குகிறது. அடுத்தவர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்ற யோசனை வலுக்கும் வயதும் அதுதான்.

அடிப்பதும் ஆட்கள் முன்னால் வைத்துத் திட்டுவதும் இதைக் கூட்டும்; அவற்றை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வேலைக்காக பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய், பிள்ளையைப் பாட்டியிடம் விட்டிருக்கும் பெற்றோர் பலர் எல்லாப் பழியையும் தங்கள் தலையில் போட்டுக்கொள்கிறார்கள். பிரிந்திருப்பது ஒன்றே இதைக் கொண்டுவந்துவிடாது. தினமும் ஒரே நேரத்தில் போன் செய்யுங்கள். மார்க்கை விட்டுவிட்டு, "இன்னைக்கு யார்கூடச் சாப்பிட்ட?" என்று கேளுங்கள்.

3. "ஸ்கூல் நாள்ல காலைல வயித்து வலிங்கிறான், வாந்தி எடுக்கறான். டாக்டர் ஒண்ணும் இல்லன்னுட்டாரு. நடிக்கிறானா?"

நடிக்கவில்லை. பயம் வந்தால் உடம்பு ஓடவோ சண்டை போடவோ தயாராகிறது. நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், முகம் சிவக்கும், குரல் நடுங்கும், குடல் புரளும். வலி உண்மையான வலிதான். அது தொடங்கும் இடம்தான் வேறு. இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் நாள், நேரம், வலி, அன்று பள்ளியில் என்ன இருந்தது என்று குறித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் திங்கள் காலையில் வருவது, வாய்விட்டுப் படிக்கச் சொல்லும் பீரியட் உள்ள நாளில் கூடுவது எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது, காய்ச்சல், மலத்தில் ரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் பதற்றம் என்று ஒதுக்காமல் மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

4. "பதில் தெரிஞ்சிருக்கு. வீட்ல கேட்டா கடகடன்னு சொல்றான். வகுப்புல வாயே திறக்க மாட்டேங்கறான். ஏன்?"

எழுந்து நின்றதும் அவன் கவனம் முழுக்கத் தன் மேலேயே திரும்பிவிடுகிறது. கை நடுங்குதா, குரல் உடையுதா, முகம் சிவந்துடுச்சா என்று உள்ளே பார்த்துக்கொண்டிருப்பவனுக்குப் பாடத்தை நினைக்க இடமில்லை. உள்ளே உணரும் நடுக்கம் வெளியேயும் அதே அளவு தெரிகிறது என்று நம்புகிறான். உண்மையில் மற்றவர்களுக்கு அதில் கொஞ்சம்தான் தெரியும்.

அடுத்தது, தப்பிக்கக் கண்டுபிடித்த வழிகள்: கடைசி பெஞ்ச், தலை குனிவது, மெதுவாகப் பேசுவது, ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் மூன்று முறை ஒத்திகை பார்ப்பது. அன்றைக்கு இவை காப்பாற்றும். கூடவே, "இதைச் செய்ததால்தான் தப்பித்தேன்" என்ற பாடத்தையும் கற்றுக்கொடுத்துவிடும். அதனால் பயம் பொய் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே வருவதில்லை. ராத்திரி படுத்த பிறகு, நடந்ததை மோசமாக்கி மோசமாக்கி மறுபடி ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. சிகிச்சை இந்த மூன்றையும்தான் பிடிக்கிறது: கவனத்தை வெளியே திருப்புவது, தப்பிக்கும் வழிகளை ஒவ்வொன்றாக விடுவது, ராத்திரி ஓட்டத்தை நிறுத்துவது.

5. "ஆண்டு விழாவுல மேடை ஏத்தி விட்டா பயம் தெளிஞ்சிடாதா?"

பெரும்பாலும் தெளியாது. படிப்படியாகத்தான் போக வேண்டும். ஒரே தாவலில் மேடைக்குப் போய், பாதியில் அழுதுகொண்டு இறங்கும் பிள்ளை அன்று கற்றுக்கொள்வது, "நான் பயந்தது சரிதான்" என்பதைத்தான். அடுத்த முறை பேரைச் சொன்னாலே பள்ளிக்கு வரமாட்டாள். "வயசானா தானா சரியாகும்" என்று விட்டுவிடுவதும் இதே அளவு தவறு. பார்க்காமல் விட்ட சமூகப் பதற்றம் பலருக்குப் பெரியவர்களான பிறகும் தொடர்கிறது. மனச்சோர்வும், பேச தைரியம் வேண்டும் என்று தொடங்கும் குடிப்பழக்கமும் அதன் பின்னால் வருகின்றன.

6. "அப்போ வீட்ல என்னதான் செய்யறது? படிப்படியான்னு சொல்றீங்க, எப்படி?"

ஒரு தாளும் பேனாவும் எடுத்துப் பிள்ளையோடு உட்காருங்கள். பயம் தரும் செயல்களை எட்டு அல்லது பத்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பய மார்க் போடச் சொல்லுங்கள். மார்க் போடுவது பிள்ளைதான், நீங்கள் திருத்தக் கூடாது. தர்மபுரி பக்கம் ஒன்பதாவது படிக்கும் பையனின் பட்டியல் இப்படி இருக்கலாம்: பெட்டிக்கடையில் தனியாக ஒரு பேனா வாங்குவது 25, ஜெராக்ஸ் கடையில் "பக்கம் எவ்வளவுங்க?" என்று கேட்பது 30, பஸ் ஸ்டாண்டில் தெரியாத ஒருவரிடம் பென்னாகரம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பது 40, அவ்வளவாகப் பழக்கமில்லாத பையனிடம் நோட்டு கேட்பது 50, ஸ்டாஃப் ரூமுக்குப் போய் டீச்சரிடம் சந்தேகம் கேட்பது 60, தன் இடத்தில் எழுந்து நின்று தமிழ்ப் பாடம் ஒரு பத்தி வாசிப்பது 70, தானாகக் கை தூக்கிப் பதில் சொல்வது 80, காலைக் கூட்டத்தில் திருக்குறள் சொல்வது 95.

30, 40 மார்க் உள்ளதில் தொடங்குங்கள். போவதற்கு முன் "என்ன நடக்கும்னு நினைக்கிற?" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், திரும்பியதும் "என்ன நடந்துச்சு?" என்று இன்னொரு வரி. "கடைக்காரர் சிரிப்பார்" என்று எழுதியவன் "ஒரு ரூபாய்ன்னு சொல்லிட்டு வேற வேலையைப் பாத்தார்" என்று எழுதும்போதுதான் மாற்றம் நடக்கிறது. ஒரே படியை வாரத்தில் நாலைந்து நாள் செய்ய வேண்டும். பய மார்க் முதல் நாள் இருந்ததில் பாதியாகக் குறைந்ததும் அடுத்த படி. கவனம் வெளியே இருக்க ஒரு சின்ன வேலை கொடுங்கள்: கடைக்காரர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார், கடையில் என்ன பாட்டு ஓடியது என்று வந்து சொல்லட்டும்.

மேல் படிகளுக்குப் போனதும் வேண்டுமென்றே ஒரு தப்பு செய்யச் சொல்லுவது நல்ல பயிற்சி. தெரிந்தே தவறான பதில் சொல்வது, பேனாவைச் சத்தமாகக் கீழே போடுவது போல. தப்பு செய்தும் தலை போகவில்லை என்று நேரில் பார்ப்பதற்கு ஈடாக எந்தப் புத்திமதியும் இல்லை.

7. "ரெண்டு மாசமா செய்யறோம், பயம் குறையவே இல்லையே?"

முதலில் பார்க்க வேண்டியது, தப்பிக்கும் வழி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. கடைக்குப் போகிறான், ஆனால் காதில் ஹெட்போன், அல்லது அம்மா நாலடி தள்ளி நிற்கிறார். அப்படியானால் "அம்மா இருந்ததால் தப்பித்தேன்" என்றுதான் மனம் கணக்கு வைக்கும். அடுத்தது, பயம் உச்சத்தில் இருக்கும்போதே ஓடி வந்துவிடுவது. கொஞ்சம் இறங்கும் வரை அங்கே நிற்க வேண்டும். ஒரு நிமிட வேலை என்றால் அடுத்தடுத்து மூன்று கடையில் செய்யலாம். படி ரொம்ப உயரமாக இருந்தாலும் நிற்கும்: 40-லிருந்து 70-க்குத் தாவாமல் நடுவில் இரண்டு படி சேருங்கள். வாரம் ஒரு தடவை மட்டும் செய்தால் முன்னேற்றம் வராது. இதெல்லாம் சரியாக இருந்தும் மூன்று மாதத்தில் அசைவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

8. "ஆஸ்பத்திரி, கடை, சொந்தக்காரங்க போன், எல்லாத்துலயும் அவளுக்காக நாங்கதான் பேசறோம். நிறுத்திடணுமா?"

ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக விடுங்கள். "இந்த வாரத்துல இருந்து டாக்டர் பேரு கேட்டா நீயே சொல்லணும், மத்தது நான் சொல்றேன்." கேள்வி வந்ததும் நீங்கள் வாயைத் திறக்காமல் பத்து நொடி மனசுக்குள் எண்ணுங்கள். அந்தப் பத்து நொடி பெற்றோருக்குத்தான் பெரும் கஷ்டம், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். பதில் சொன்னதும் "பாத்தியா, இதுக்கா பயந்த?" என்று கேட்டுவிடாதீர்கள். "நீயே சொன்ன, நல்லா இருந்துச்சு" என்றால் போதும்.

9. "பல்லெல்லாம் காவி புடிச்ச மாதிரி கறை. வாயைப் பொத்திக்கிட்டுத்தான் பேசறா. கறையை எடுத்துட்டா கூச்சம் போயிடுமா?"

இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பது பல காலமாகத் தெரிந்தது; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பல் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், அந்தத் தண்ணீரைக் குடித்தால் கறை பல்லின் மேற்பூச்சிலேயே படிந்துவிடும். அழுத்தித் தேய்த்தாலும் போகாது, பிறகு நல்ல தண்ணீர் குடித்தாலும் மறையாது. அழுக்கு என்று சொல்லிப் பிள்ளையைத் திட்டுவது அநியாயம். அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் காட்டுங்கள். லேசான கறையை மேலோட்டமாகத் தேய்த்தோ வெளுக்கச் செய்தோ குறைக்கலாம். ஆழமானதற்குப் பல் நிறப் பூச்சோ உறையோ தேவைப்படும், அதை எந்த வயதில் செய்யலாம் என்று பல் மருத்துவர் சொல்வார்.

பல்லைச் சரிசெய்தால் சிலருக்குப் பாதி பாரம் இறங்கும். ஆனால் வாயைப் பொத்தும் கை, 4-ஆம் கேள்வியில் சொன்ன தப்பிக்கும் வழிகளில் ஒன்று. வருடக்கணக்கில் பழகிய அந்தக் கை பல் வெளுத்த பிறகும் தானாக மேலே போகும். அதனால் பல் வைத்தியத்துக்காகக் காத்திருக்காமல், வீட்டில் ஐந்து நிமிடம் கையை மடியில் வைத்துப் பேசுவது, பிறகு தோழியிடம், பிறகு கடையில் என்று படிகளைத் தொடங்கிவிடுங்கள்.

10. "வீட்ல தெலுங்குதான். ஸ்கூல்ல தமிழ் பேசினா சிரிக்கறாங்களாம். அதனால பேசறதே இல்ல."

ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய. கேலி உண்மையிலேயே நடக்கிறது என்றால் முதலில் நிறுத்த வேண்டியது கேலியை. பிள்ளையை மட்டும் மாற்றப் பார்க்காதீர்கள். வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தித்து, யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்று தேதியோடு சொல்லுங்கள். கேலி நின்ற பிறகும் பேச்சு வரவில்லையென்றால் 6-ஆம் பதிலில் உள்ள படிகள்.

ஆசிரியர்களுக்கு ஒன்று: அந்தப் பிள்ளையைத் திடீரென எழுப்பாதீர்கள், "நாளைக்கு ரெண்டாவது பத்தி நீ படி" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். ஆனால் படிக்கவே வேண்டாம் என்று விலக்கு கொடுத்துவிடாதீர்கள். திக்குவாய் இருக்கும் பிள்ளைக்கு அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள், பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

11. "வீட்ல வாய் ஓயாது. ஸ்கூல்ல ஒரு வார்த்தை கூட இல்லன்னு டீச்சர் சொல்றாங்க. திமிரா?"

திமிர் இல்லை. சில இடங்களில் மட்டும் பேச்சே வராமல் போவது தனியாகக் கண்டறியப்படும் ஒரு பதற்ற நிலை, பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்குகிறது. "பேசினா சாக்லேட்" என்று அழுத்தினால் இன்னும் இறுகும். வகுப்பு முடிந்த பிறகு காலி அறையில் அம்மாவோடு பேசவிட்டு, கதவருகே ஆசிரியர் வந்து, நாள் போகப் போக அருகே உட்காருவது என்று தொடங்க வேண்டும். காதும் பேச்சும் ஒருமுறை பரிசோதிக்கட்டும். இதை வீட்டு முயற்சியோடு நிறுத்தாமல் குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

12. "எந்நேரமும் போன்தான். போனாலதான் இப்படி ஆயிட்டானா?"

பெரும்பாலும் முதலில் வருவது பயம். நேரில் பேசப் பயந்தவன் போனுக்குள் ஒதுங்குகிறான். பிடுங்கி வைத்தால் இருக்கும் ஒரே நட்பும் போகலாம். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் போன் கூடத்தில் சார்ஜ் ஆகட்டும். அதே போனைப் படியாகவும் பயன்படுத்தலாம்: மெசேஜ் அனுப்புபவன் வாய்ஸ் நோட் அனுப்பட்டும், பிறகு கூப்பிட்டுப் பேசட்டும்.

13. "ரெண்டு வாரமா ஸ்கூலுக்கே போகல. பொண்ணை நிறுத்திடலாம், நல்ல வரன் வந்திருக்குன்னு வீட்ல பேசறாங்க."

வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் திரும்பிப் போவதைக் கடினமாக்குகிறது. முழு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். தலைமை ஆசிரியரிடம் பேசி, முதல் இரண்டு நாள் கடைசி இரண்டு பீரியட், பிறகு மதியத்திலிருந்து, பிறகு முழு நாள் என்று ஏற்பாடு செய்யுங்கள். வாசலில் ஒரு தோழி காத்திருக்கட்டும். வீட்டில் இருக்கும் பகல் நேரத்தில் டி.வி., போன் வேண்டாம். பள்ளி நேரம் பாட நேரமாகவே இருக்கட்டும். யாராவது அடித்தார்களா, தொட்டார்களா என்று தனியாக, மெதுவாகக் கேளுங்கள். அப்படி ஒன்று நடந்திருந்தால் இது பதற்ற விஷயமே இல்லை; குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்ல வேண்டியது.

கல்யாணப் பேச்சைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறோம்: 18 வயதுக்கு முன் நடத்தினால் அது குற்றம். பயந்த பெண்ணைத் தெரியாத வீட்டுக்கு அனுப்பினால் பயம் தீராது. மாமியார் வீட்டில் வாய் திறக்க முடியாத நிலையாக அது கூடத்தான் செய்யும். இந்த மாவட்டங்களில் படிப்பு நின்ற பெண்ணுக்கு அடுத்து வருவது கல்யாணமாக இருப்பதைப் பார்க்கிறோம். அதனால்தான் இரண்டு வாரத்திலேயே அசைய வேண்டும் என்கிறோம்.

14. "எப்போ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்? எங்க போறது?"

"செத்துட்டா பரவாயில்ல" என்று சொன்னாலோ எழுதினாலோ, கையைக் கீறிக்கொண்டாலோ, சாப்பாடும் தூக்கமும் விட்டுப்போனாலோ, பிடித்த எதிலும் மனமில்லாமல் போனாலோ அன்றே பாருங்கள். சாவைப் பற்றி நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்காது. கேளுங்கள், தனியாக விடாதீர்கள். விவசாய வீடுகளில் பூச்சிமருந்து, எலிமருந்து, மாத்திரைகளைப் பூட்டி, சாவியைப் பெரியவர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 14416 (டெலி மானஸ்) 24 மணி நேரமும் இயங்கும் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம். ஏற்கெனவே எதையாவது குடித்துவிட்டால் 108.

அவசரமில்லாத நேரத்தில், தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்த நாளில் எந்தத் தாலுகா மருத்துவமனைக்கு வருகிறது என்றும் அங்கேயே கேளுங்கள். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை பக்கம். ஓசூர் சாலையிலேயே இருக்கிறது, குழந்தைகளுக்குத் தனி மனநலப் பிரிவும் உண்டு. போகும்போது 3-ஆம் கேள்வியின் நோட்டை எடுத்துப்போங்கள். மனநல நிபுணரோடு பேசிச் செய்யும் சிகிச்சை வழக்கமாக வாரம் ஒன்றாக 8 முதல் 12 அமர்வு வரை போகும்.

15. "மாத்திரை குடுத்தா பழகிடும்னு சொல்றாங்களே?"

முதல் சிகிச்சை, 14-ஆம் பதிலில் சொன்ன பேசிச் செய்யும் சிகிச்சைதான். அது போதாதபோதோ மனச்சோர்வும் சேர்ந்திருக்கும்போதோ ஃப்ளுவோக்செட்டின், செர்ட்ராலின் போன்றவற்றை மருத்துவர் எழுதலாம். இவை போதைப் பழக்கம் உண்டாக்குவதில்லை. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், ஆரம்பத்தில் வயிற்றுப் புரட்டலோ தலைவலியோ வரலாம். முதல் சில வாரங்களில் பிள்ளையின் மனநிலையை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். இளம் வயதினர் சிலருக்கு அப்போது தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை உண்டு. நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், மெதுவாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

பழக்கமாகக்கூடியவை அல்பிரசோலம், குளோனசிபாம் வகை. தெரிந்தவர் சொன்னார் என்று கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். மேடைப் படபடப்புக்கு என்று சிலர் போடும் ப்ரோப்ரனோலால், ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ஆபத்து.

16. "மந்திரிச்சுக் கயிறு கட்டினோம். தப்பா?"

கட்டிய கயிறு இருக்கட்டும், குலதெய்வத்தையும் கும்பிடுங்கள். அதற்காக ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதீர்கள். அடிப்பது, பட்டினி போடுவது, புகை போடுவது, கட்டிவைப்பது எதற்கும் சம்மதிக்காதீர்கள்.

17. "எனக்கு 16 வயசு. வீட்ல சொல்லாம ட்ரீட்மென்ட் எடுக்க முடியுமா? சொன்னா பைத்தியம்பாங்க."

14416-க்கு நீயே பேசலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். ஆனால் 18 வயதுக்குள் மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் தேவைப்படும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உன் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. மருத்துவமனை பள்ளிக்கோ ஊருக்கோ சொல்லக் கூடாது. வீட்டில் யாரிடம் சொல்வது சுலபம் என்று யோசித்துப் பார்: அக்காவா, சித்தியா, மாமாவா? வாயால் வராவிட்டால் இந்தப் பக்கத்தின் முதல் கேள்வியைக் காட்டி, "எனக்கு இப்படி இருக்கு" என்று மட்டும் சொல்.

18. "நாளைக்கு பிராக்டிகல், வைவா இருக்கு. இன்னைக்கு ராத்திரிக்குள்ள என்ன செய்யலாம்?"

ஒரு ராத்திரியில் பயம் போகாது. பயத்தோடு போய் முடித்துவிட்டு வருவதுதான் நாளைய வேலை. கேட்கக்கூடிய பத்துக் கேள்வியை அண்ணனையோ அக்காவையோ எதிரில் உட்காரவைத்து, சத்தமாக, இரண்டு தடவை சொல்லிப் பார். வரிக்கு வரி மனப்பாடம் வேண்டாம். பத்தரைக்குப் படுத்துவிடு. காலையில் டீ, காபியைக் குறைத்து, ரெண்டு இட்லியாவது சாப்பிடு. வெறும் வயிறு நடுக்கத்தைக் கூட்டும்.

உள்ளே போகும் முன் மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடு, ஐந்து தடவை. தேர்வாளர் கேட்டதும் கேள்வியை மெதுவாக ஒருமுறை நீயே திருப்பிச் சொல். யோசிக்க நேரம் கிடைக்கும், குரலும் திறந்துவிடும். கை நடுங்கினால் மறைக்காதே, மேசைமேல் வை. பதில் தெரியாவிட்டால் "தெரியலைங்க சார், அடுத்த கேள்வி கேளுங்க" என்று சொல்லலாம். வைவாவில் அது தினமும் கேட்கிற வார்த்தைதான். முடித்து வந்ததும் என்ன பயந்தாய், என்ன நடந்தது என்று இரண்டே வரி எழுதி நோட்டை மூடிவிடு.